ஒரே மீன், ஒரே விஷவாயு, மூணு சட்டம்



கடலோர ஊர் ஒன்றில் அரசு மருத்துவமனை டாக்டராக வேலை பார்க்கிறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாராவது கடல் தொழிலுக்குப் போகிறார்கள் என்றால் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன ஆடி மாசம். மதியம் ரெண்டு மணி இருக்கும். மீன் ஏற்றும் குட்டி யானை வண்டியில் ரெண்டு பேரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு வந்தார்கள். 108 வருவதற்குக் காத்திருக்க முடியலையாம்.

தங்குகடல் போய்விட்டு வந்த விசைப்படகு. வழியில் இன்ஜின் பழுதாகி, கரை சேர ரெண்டு நாள் தாமதம். கிடங்கில் இருந்த ஐஸ் கரைந்து, அடியில் கிடந்த சங்காயம் அழுகிவிட்டது. கரைக்கு வந்ததும் மேலே இருந்த நல்ல மீனை இறக்கிவிட்டு, அடியைக் கழுவுவதற்கு 22 வயசுப் பையன் ஒருத்தன் கிடங்குக்குள் இறங்கியிருக்கிறான். கூப்பிட்டால் பதில் இல்லை.

அவனைத் தூக்க 41 வயசு அண்ணன் ஒருவர் இறங்கினார். அவரும் விழுந்துவிட்டார். மூணாவதாக இறங்கப் போனவரை டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறார். அந்த டிரைவர் மட்டும் இல்லையென்றால் எனக்கு அன்றைக்கு மூணு கேஸ்.

பையன் பிழைத்துவிட்டான். காப்பாற்ற இறங்கியவர் இறந்துவிட்டார். மூடிய இடத்தில் நடக்கும் விபத்துகளில் இது புதிதில்லை. விழுந்தவனைவிட, பின்னாலேயே குதித்தவர்கள் அதிகம் செத்த விபத்துகள் உலகம் முழுக்க உண்டு.

ஏன் இப்படி? அழுகும் மீனில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வரும். கூமுட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான். காற்றைவிடக் கனம் என்பதால் கிடங்கின் அடியிலேயே தேங்கும். அழுகல் நடக்கும்போது உள்ளே இருக்கிற ஆக்சிஜனும் குறையும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு. இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பையே செயலிழக்க வைத்துவிடும். "முதல்ல நாத்தம் இருந்துச்சு, அப்புறம் இல்ல, சரியாயிடுச்சுன்னு இறங்கிட்டான் சார்" என்று கூட வந்தவர் சொன்னார். சரியாகவில்லை. மூக்குதான் நின்றுபோனது. அதற்கும் மேலே அளவு போனால் ரெண்டு மூணு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்தக்கூட நேரம் கிடைக்காது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதால் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் மருத்துவம். இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இதே மீன், இதே வாயு, கரையில் இருக்கும் மீன் பதனிடும் கம்பெனியின் தொட்டியில் இருந்தால் சட்டம் என்ன சொல்லியது தெரியுமா? 1948 தொழிற்சாலைகள் சட்டம், 36-வது பிரிவு. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஆளை இறக்கும் முன், தகுதியானவர் ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் மூச்சுக் கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷமே இதை எழுதிவிட்டார்கள்!

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் சரக்குக் கப்பலுக்கு வாங்க. அங்கே சர்வதேச விதி. மூடிய அறைக்குள் இறங்குவது, உள்ளே விழுந்தவரை மீட்பது இதற்கெல்லாம் 2015 ஜனவரி முதல் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஒத்திகை கட்டாயம். 2016 ஜூலை முதல், உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று அளக்கும் கைக்கருவியும் கப்பலில் இருந்தே ஆக வேண்டும். மருந்துப் பெட்டி, ரேடியோவில் 24 மணி நேரமும் இலவச மருத்துவ ஆலோசனை, நாளைக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு எல்லாம் உண்டு.

(எங்க டியூட்டி டாக்டர்களுக்கே அந்த 10 மணி நேரம் கிடையாது. அந்தப் புலம்பல் வேறொரு நாளைக்கு.)

இந்தக் கப்பலுக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவில் மிதந்து வருகிறதே விசைப்படகு, அதன் கிடங்குக்கு? மேலே சொன்ன எதுவும் கிடையாது. கம்பெனிச் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. கப்பல் தொழிலாளர்களுக்கான 2006 சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. நல்ல விஷயம்தான். ஆனால் மீன்பிடிக் கலங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கு. மீன்பிடித் தொழிலுக்கென்றே 2007-ல் தனி உடன்படிக்கை போட்டார்கள், 188-வது எண். 2017-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

"புதுச் சட்டம் வந்திருக்கே டாக்டர்" என்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரே தொகுப்புச் சட்டம் வந்திருக்கு. பழைய சட்டங்கள் பலவற்றைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதுவும் ஆள் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. பொதுவாக ஒரு இடத்தில் 10 தொழிலாளி இருக்கணும். மின்சாரம் பயன்படுத்தும் இடம் "தொழிற்சாலை" ஆக முன்பு 10 பேர் போதும், இப்போது 20. எங்க பக்கத்து விசைப்படகில் போவது ஐந்தாறு பேர். அதிலும் சம்பளம் கிடையாது, பங்கு. முதலாளி யார், தொழிலாளி யார் என்றே வக்கீல்கள் ஒரு வருஷம் வாதாடுவார்கள். வாயு தலையை எண்ணிப் பார்த்துவிட்டா நுரையீரலுக்குள் போகிறது?

எனக்கே இதில் ஒரு சங்கடம் உண்டு. நூற்பாலையில் வேலை பார்த்தவர் சத்தத்தால் காது மந்தமாகி என்னிடம் வந்தால், அதைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதி அனுப்ப வேண்டியது சட்டப்படி என் கடமை. இருபது வருஷம் படகு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி காது போன டிரைவர் வந்தால்? மாத்திரை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். எழுதுவதற்கு ஒரு முகவரி இல்லை. அவர் காது எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு யாரும் விதி எழுத மாட்டார்கள்.

இப்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அவசரத்தில், இறந்தவருக்கு ஏ.ஆர். போடும்போது "மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார்" என்று மட்டும் எழுதினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவருடைய அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். "சார், நெஞ்சு வலின்னு எழுதிட்டீங்களா? அவன் நோய்ல சாகல சார். வேலையில செத்தான்" என்றார்.

அந்த ஒரு வரியின் கனம் அப்போதுதான் உறைத்தது. மீனவர்களுக்கு மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் விபத்துக் காப்பீடு இருக்கு. இறப்புக்கு 5 லட்சம் ரூபாய். பெயரிலேயே இருப்பது போல, அது விபத்துக்கு. நான் எழுதும் வரி, விபத்தா நோயா என்று பின்னால் யாரோ ஒருவர் முடிவு செய்யும்போது முன்னால் கிடக்கும் காகிதம். கூட வந்த டிரைவரைக் கூப்பிட்டு முழுதாக விசாரித்து, எத்தனை மணிக்கு, எந்தக் கிடங்கில், எவ்வளவு நேரம், யாரைத் தூக்க இறங்கினார் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, போலீசுக்கும் தகவல் அனுப்பினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

படகுக்காரர்கள் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றச் சொல்லவில்லை. கடனில் ஓடுகிற படகுகள்தான் அதிகம். கப்பலின் விதிப் புத்தகத்தை அப்படியே தூக்கி விசைப்படகில் போட்டால் ரெண்டு நாளில் அது பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். ஆனால் வாயு அளக்கும் கைக்கருவி, ஒரு தங்கலுக்கு அடிக்கும் டீசல் காசைவிடக் குறைவு. படகுக்கு ஒன்று வேண்டாம், இறங்குதளத்துக்கு ரெண்டு இருந்தால்கூடப் போதும்.

ஆள் இல்லை, அதிகாரி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நேரத்தில் மீன்வளத்துறை அதிகாரிகள் விசைப்படகுகளை நேரில் ஏறிப் பார்க்கிறார்கள். நீளம், இன்ஜின் குதிரைத்திறன், பதிவு எண் எல்லாம் சரிபார்க்கிறார்கள். வலைக் கண் எத்தனை மில்லிமீட்டர் இருக்கணும் என்பதற்கும் விதி இருக்கு. மீன்குஞ்சு தப்பிக்க வேண்டும், சரிதான். ஏறுகிற அதே அதிகாரி கிடங்கு மூடியைத் திறந்து, காற்று ஊதும் ஃபேன் இருக்கா, இடுப்புப் பெல்ட்டும் கயிறும் இருக்கா என்று பார்த்து இன்னும் ரெண்டு வரி எழுதினால் என்ன? இதற்குப் புதுச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டுமா?

அது வரும்போது வரட்டும். நாளைக்கே தொழிலுக்குப் போகிறவர்களுக்கு:

மீன் அழுகிய கிடங்கு என்றால் எல்லா மூடியையும் திறந்துவிட்டு, ஃபேன் வைத்து நெடுநேரம் காற்றை ஊதுங்க. முடிந்தவரை மேலே நின்றே பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்க. இறங்கித்தான் ஆகணும் என்றால் இறங்குவதற்கு முன்பே அக்குளுக்குக் கீழே கயிறு கட்டணும், மேலே ரெண்டு பேர் பிடிக்கணும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கணும். பதில் நின்றால் இழுங்க. பின்னால் இறங்காதீங்க, உள்ளே கிடப்பது உங்க சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

வெளியே எடுத்ததும் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைங்க. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்க. கரையில் 108. கடலில் என்றால் கடலோரக் காவல்படை, 1554. போனில் இப்பவே பதிந்து வைங்க.

மருத்துவமனைக்கு வந்ததும் டாக்டரிடம் "மயங்கிட்டான் சார்" என்று மட்டும் சொல்லாதீங்க. "கிடங்குக்குள்ள இறங்கினான், அங்க விழுந்தான்" என்று சொல்லுங்க. அதை எழுதச் சொல்லிக் கேளுங்க. நாங்க அவசரத்தில் இருந்தாலும் கேளுங்க.

அந்தப் பையன் ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனான். படகு எங்கே என்று கேட்டேன். நாலாம் நாளே தொழிலுக்குப் போயிடுச்சு என்றான். அன்றைக்குப் பாதியில் விட்ட கிடங்கை யார் கழுவினார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.