ஐஸையும் இறால் விலைக்கு விற்கலாமா?

வலீமா விருந்தொன்றுக்காக ஒருவர் என் கடையில் 20 கிலோ உறைந்த கடல் இறால் வாங்கினார். பல வருட வாடிக்கையாளர். விருந்து முடிந்து இரண்டு நாட்களின் பின் வந்தவர், கடையில் நின்ற மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, "ஹாஜியார், ஐஸ் கரைந்த பிறகு சமையல்காரர் நிறுத்துப் பார்த்தார். பதினாறு கிலோவும் தேறவில்லை" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இறால் கரையும்போது அதிலிருந்தும் கொஞ்சம் நீர் வடியும். ஆனால் நான்கு கிலோ வடியாது. அன்று இரவே அதே பெட்டியிலிருந்து ஒரு கிலோ பொதி ஒன்றைப் பிரித்தேன். வடிதட்டில் போட்டு, மேலே படிந்த ஐஸ் மட்டும் போகும்வரை குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தூவவிட்டேன். இறால் இன்னும் கல்லாகவே இருந்தது. இரண்டு நிமிடம் நீரை வடியவிட்டு நிறுத்தேன். 800 கிராமுக்கும் குறைவு. விநியோகஸ்தரைக் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள்" என்பது பதில். வலீமா வீட்டாருக்குக் குறைந்த நிறைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவருக்கு முன்னர் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கிப் போனவர்களை நான் எங்கே தேடுவது?

இறால் ஹலாலா என்று கேட்டால் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த நாம் உடனே ஆம் என்கிறோம். தராசைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை. அளவையில் குறைப்பவர்களை எச்சரிக்க அல்குர்ஆனில் 'முதஃப்பிஃபீன்' என்ற ஒரு ஸூராவே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அங்கே மறைக்கப்பட்டதும் தண்ணீர்தான்.

ஐஸ் பூசுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய ஐஸ் படலம் இல்லாவிட்டால் பிரீசரின் வறண்ட குளிரில் இறால் காய்ந்து வெள்ளைத் திட்டு விழும். ஆனால் சர்வதேச கோடெக்ஸ் நியமப்படி பொதியில் எழுதும் தேறிய நிறையில் அந்த ஐஸைச் சேர்க்கக் கூடாது. உதாரணமாக, கிலோ 2,000 ரூபா என்று வாங்கும் இறாலில் ஐந்தில் ஒரு பங்கு ஐஸ் என்றால், உங்கள் உண்மையான கொள்விலை 2,500 ரூபா. 2,300 ரூபாவுக்கு ஐஸ் குறைந்த சரக்குத் தருபவரை விலை கூடியவர் என்று திருப்பி அனுப்புவது நமது கணக்குப் பிழை.

வாங்கும்போது பொதியை ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றாக உறைய வைத்த இறால் தனித்தனியாக உருள வேண்டும். கட்டிபட்டு, பொதிக்குள் பனித்தூளும் இருந்தால் அது இடையில் ஒருமுறை கரைந்த சரக்காக இருக்கலாம். தலையிலும் ஓட்டிலும் கறுப்புப் புள்ளி இருந்தால் அழுகியது என்று அர்த்தமல்ல. அது காற்றுப் பட்டு வருவது. அதைத் தடுக்கத்தான் சல்பைற்று மருந்து போடுகிறார்கள். பச்சை இறாலில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அமோனியா வாடை வந்தால் வாங்கவே வேண்டாம்.

அடுத்து, எங்கே, எந்த வலையில் பிடித்தது என்று கேளுங்கள். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு களப்புக்குள் வந்து கண்டல் நிழலில் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகும். கடலடியை வாரி அள்ளும் இழுவை மடி இந்நாட்டில் 2017 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. நல்ல முறைக்கு நீர்கொழும்பைப் பாருங்கள். அங்கே வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலை, களப்பின் வாயில் கம்பு நட்டுக் கட்டிய வலையால் இரவில் பிடிக்கிறார்கள். 'கட்டுதெல்' என்பது அதன் பெயர். வலை கட்டும் இடத்தை நான்கு மீனவர் சங்கங்கள் முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படி வரும் இறாலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை. பண்ணை இறாலும் நல்ல உணவுதான். 1996 இல் வெண்புள்ளி நோயால் நொந்துபோன புத்தளம் பண்ணைக்காரரும் பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் பண்ணை இறாலைக் 'கடல் இறால்' என்று சொல்லி விற்பது பொய். பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

களஞ்சியத்தில் மைனஸ் 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி ஒன்றின் விலை ஒரு கிலோ இறாலின் விலையை விடப் பெரிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் பிரீசரைத் திறக்காதீர்கள்; நிரம்பிய பிரீசர் கூடுதல் நேரம் குளிரைத் தாங்கும். கரைந்ததைத் திரும்ப உறைய வைத்துப் புதிய சரக்காக விற்பது, ஐஸை விற்பதை விட மோசம். அதில் போவது பணம் மட்டுமல்ல, வாங்குபவரின் உடல்நலமும்தான்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் இரவே பிரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரமென்றால் பொதியோடு குளிர்ந்த நீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் வெளிப்புறம் அவிந்து உள்ளே ஐஸாகவே இருக்கும். குடலை நீக்கி, மசாலா வெந்த பிறகு கடைசியாகப் போட்டால் மூன்று, நான்கு நிமிடம் போதும். தலையையும் ஓட்டையும் வீசாமல் அவித்த நீரைக் கறிக்கு ஊற்றிப் பாருங்கள்.

நான் இப்போது புதிய சரக்கு வரும்போதெல்லாம் ஒரு பொதியைப் பிரித்து, ஐஸ் நீக்கி நிறுத்து, அந்த நிறைக்கே விலை பேசுகிறேன். இரண்டு விநியோகஸ்தர்கள் என்னை விட்டுப் போனார்கள். வலீமா வீட்டுக்காரர் போகவில்லை. இந்த வாரம் நீங்களும் உங்கள் பிரீசரிலிருந்து ஒரு பொதியை எடுத்து நிறுத்துப் பாருங்கள். நிறை சரியாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். குறைந்தால், உங்கள் வாடிக்கையாளர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.