அரிப்பில் ஒரு படம்

மன்னாருக்குக் குடும்பத்துடன் செல்லும் அன்பர்கள் ஊரிலேயே ஒரு புகைப்படக்காரரை அமர்த்திக்கொள்வது நன்று என்போம். கூலி என்ன, படங்கள் எத்தனை என்பதை முன்னரே பேசிவிடுக. பின்னர்ப் பேசினால் மனத்தாங்கலே மிஞ்சும். போர்த்துக்கேயர் 1560-இல் கட்டிய கோட்டையையும், பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அரிப்புக்குச் செல்லுங்கள். முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்கென்று ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அங்கே இடிந்து நிற்கிறது. கரையைக் கடல் அரித்து வருகிறது. (ஊருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!) சுவர்களும் சரிந்துகொண்டே இருக்கின்றன. கடல் மேற்கே இருப்பதால் காலை வெயிலே படத்துக்கு ஏற்றது. நிலப்புறச் சுவரில் அப்போது ஒளி நேரே விழும். பிள்ளைகளைச் சுவருக்கு எட்டவே நிறுத்துங்கள். படத்தின் பின்புறம் தேதியை எழுதி வைத்தால், அடுத்த முறை செல்கையில் எந்தச் சுவர் போயிற்று என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.