பழைய நாற்காலியை விற்காதீர்கள்

மொட்டை மாடியில் ஒரு தேக்கு நாற்காலி கிடக்கும். ஒரு கால் ஆடும், பாலிஷ் உரிந்து கறுத்துப் போயிருக்கும். பழைய சாமான் வாங்குபவர் தெருவில் குரல் கொடுத்ததும் அவர் சொன்ன விலைக்கே அதைத் தள்ளிவிடுவார்கள். அடுத்த மாதம் அந்த இடத்துக்கு மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையில் புதுச் சாமான் வந்து இறங்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதான். தேக்கைக் கொடுத்துவிட்டு மரத்தூளை வாங்குகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை!

விற்ற நாற்காலி எங்கே போகிறது? காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சாமான்களை அங்கே கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். பல ஊர்களிலும் இப்படிக் கடைகள் உண்டு. வாசலில் போட்ட விலைக்கும் அங்கே கேட்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. நடுவில் நடந்தது மந்திரம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பசை, சில உப்புத்தாள், பாலிஷ், நாலைந்து நாள் பொறுமை. இவை நாலும் யாருக்கும் வரக்கூடியவைதான்.

"நாங்களும் சொந்தமாகப் பூட்டுகிறோமே, பெட்டியில் வரும் மேசையை" என்று சிலர் சொல்லலாம். 1956இல் ஐகியா நிறுவனத்தின் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்றுவதற்காகக் காலைக் கழற்றினாராம். அதிலிருந்துதான் அந்த நிறுவனத்தில் சாமானைத் தட்டையாகப் பெட்டியில் அடைத்து விற்கும் முறை பிறந்தது என்பார்கள். 2018இல் ஹைதராபாத்தில் அவர்கள் கடை திறந்தார்கள். இப்போது இணையத்தில் வாங்கும் சாமானும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதைப் பூட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அது கற்றுத் தருவது படத்தைப் பார்த்துத் திருகாணியை முடுக்குவதை மட்டும். மரத்தூள் பலகையில் ஒரு முறை கழற்றிய திருகாணி மறுமுறை இறுகப் பிடிக்காது. தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும். அப்புறம் அதைத் தேய்க்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. பூட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் அந்தக் கடைசி வேலை. கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் 2016இல் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளை அதே நிறுவனம் திரும்பப் பெற வேண்டி வந்தது.

இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டியவர் இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி. 1974இல் சாதாரணப் பலகையும் ஆணியும் வைத்துச் செய்யக்கூடிய சாமான்களின் வரைபடங்களை, தபால் செலவு மட்டும் அனுப்பியவர்களுக்குக் கொடுத்தார். மேசை ஏன் ஆடாமல் நிற்கிறது என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் புரியும் என்பது அவர் எண்ணம். பழைய நாற்காலியைப் பிரித்துப் பூட்டினாலும் அதே பாடம் கிடைக்கும், அதுவும் செலவில்லாமல்.

எப்படித் தொடங்குவது? ஆடும் காலில் ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைச் செய்யக் கூடாது. ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டமும் நிற்காது. இணைப்பை மெல்லத் தட்டிக் கழற்றி, உள்ளே காய்ந்திருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. மரப்பசை தடவிப் பூட்டி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும்.

அடுத்தது பாலிஷ். தேய்ப்பதற்கு முன்னால், கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரப்பதிலிருந்து எடுப்பது அது, ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. அப்படியானால் பாதி வேலை மிச்சம், ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம். மற்றதற்கு உப்புத்தாள். 80ஆம் எண்ணில் தொடங்கி, 120, பிறகு 220. மர ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் போட்டதும் பல்லை இளிக்கும்! பிறகு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொதியால் மெல்லிசாகப் பல தடவை பூசினால் தேக்கின் நிறம் மெல்ல எழுந்து வரும். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அரக்கு வேண்டாம். சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

பெயின்ட் அடித்த பழைய சாமானாக இருந்தால் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியையும் சுருட்டிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

இவ்வளவுதான் வித்தை என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? நேரமில்லை என்பது பாதி உண்மை. மீதி, "அது ஆசாரி வேலை" என்ற நினைப்பு. 1953இல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று அதை எதிர்த்தார்கள், 1954இல் காமராஜர் ஆட்சியில் அது போயிற்று. போனது நியாயமே. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்பதை யார் ஏற்பார்கள்? ஆனால் வக்கீல் மகளும் உளி பிடிக்கட்டும், தச்சர் மகனும் சட்டம் படிக்கட்டும் என்ற மறுபாதி பேசப்படவே இல்லை. எதிர்ப்பு வென்றது, கைவேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை ஆடும் நாற்காலியின் மேல் புத்தகத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் செய்துகொண்டால் தச்சர் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர் பிழைப்பைக் கெடுத்தது உப்புத்தாள் பிடித்த வீட்டுக்காரர் அல்ல. பழையதை விற்றுவிட்டுப் பெட்டிச் சாமான் வாங்கியவர்தான். ஒரு நாற்காலியை மூன்று நாள் தேய்த்துத் தோள் வலித்தவர், தச்சர் சொல்லும் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்ல வாய் கூசுவார். கிழிந்த பிரம்புப் பின்னலும் உடைந்த செதுக்கு வேலையும் எப்படியும் கைதேர்ந்தவர்களிடம்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு முக்காலி போதும். கட்டிலில் கை வைக்க வேண்டாம். அதைப் பிரித்துவிட்டால் அன்று ராத்திரி எல்லோரும் பாயில்தான்.