ஆச்சிக்குக் கண் தெரியவில்லையா?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரே பேச்சு: "ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது!" (அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆச்சி என்றுதான் சொல்வார்கள்.)

காரணம், ஆச்சி கார் ஷெட்டில் இடறி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் மட்டும் ஒரு பெரிய கட்டு.

கார் ஷெட்டில் ஆச்சிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கார் ஷெட்டில் கார் மட்டுமா நிற்கிறது? மருமகளின் ஸ்கூட்டர், பேரனின் சைக்கிள், அரிசி மூட்டை, தேங்காய்க் குவியல், யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வராத பழைய தொட்டில், எல்லாம் அங்கேதான். நம் வீடுகளில் கார் ஷெட் என்பது தரையில் கட்டிய பரண்! தேங்காய் எடுக்கப் போன ஆச்சி, சமையலறைக்கு ஏறும் ஒற்றைப் படியைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

உடனே கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். ஆச்சிக்குக் காட்ராக்ட் ஆபரேஷன் முன்பே ஆகியிருந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியாளா?" என்று மருமகளைப் பார்த்தார் ஆச்சி. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்க லைட்டுக்குத்தான் தெரியல!"

அன்று இரவு நானே போய்ப் பார்த்தேன். ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூரையின் நடுவில் ஒரு ஜீரோ வாட் பல்பு. அதற்கு நேர் கீழே கார். விழுகிற கொஞ்ச வெளிச்சமும் காரின் தலையில்தான் விழுந்தது. காருக்குத் தீபாராதனை, மனிதர் நடக்கிற இரண்டு பக்கமும் அமாவாசை!

இந்த ஜீரோ வாட் பல்பின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது பதினைந்து வாட் அளவுக்கு மின்சாரம் தின்கிறது. அந்தக் காலத்து மீட்டர்கள் அவ்வளவு சிறிய செலவைச் சரியாகக் கணக்கில் காட்டாததால் வந்த பெயர் அது. திரும்பித் தருகிற ஒளியோ ஏறக்குறைய 100 லூமன். (விளக்கு தரும் ஒளியின் அளவுக்கு லூமன் என்று பெயர், இப்போது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.) இன்றைய நாலடி எல்.இ.டி. பட்டை விளக்கு 20 வாட்டில் சுமார் 2,000 லூமன் தருகிறது. ஐந்து வாட் கூடுதலுக்கு இருபது மடங்கு வெளிச்சம்! வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்துவிட்ட நீல ஒளி டையோடைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தது சும்மா இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளியில், அறுபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேரனுக்குப் போதுமான வெளிச்சம் ஆச்சிக்கு இருட்டு. வீட்டு விளக்குகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் வீட்டில் இளையவர்கள். இடறி விழுகிறவர்கள் முதியவர்கள்!

மகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். தாயார்மேல் உயிர். மறுநாளே கடைக்குப் போய் 40 வாட்டில் பூசணிக்காய் மாதிரி ஒரு எல்.இ.டி. பல்பை வாங்கி வந்து அதே நடு இடத்தில் மாட்டிவிட்டார். ஷெட் பளிச்சென்று ஆயிற்று. ஆனால் ஆச்சி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். மேலே பார்த்தால் கூசுகிறது. கீழே பார்த்தால் காரின் நிழல் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. படி இருந்த இடம் அந்த நிழலுக்குள்தான்!

சகோதரிகளே, விஷயம் இதுதான்: கார் ஷெட்டில் குறைவது பெரும்பாலும் வெளிச்சம் மட்டும் அல்ல, வெளிச்சம் இருக்கவேண்டிய இடம். ஒரே புள்ளியில் எவ்வளவு பெரிய விளக்கை மாட்டினாலும், நடுவில் நிற்கும் கார் அதை மறைத்துவிடும்.

பிறகு ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து முறையாகச் செய்தார்கள். பத்தடிக்குப் பதினெட்டடி ஷெட்டுக்கு 20 வாட் பட்டை விளக்கு இரண்டு. காரின் இரு பக்கமும், கதவு திறக்கிற பக்கத்துக்கு மேலாக, நீளவாட்டில். ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும். பால் நிற மூடி போட்ட விளக்காக வாங்கினால் கண் கூசாது. படிக்கு நேர் மேலே சிறிய விளக்கு ஒன்று தனியாக. சுவருக்கு வெள்ளையும் அடித்தார்கள். அழுக்குச் சுவர் ஒளியை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் பெரும் பகுதியைத் திருப்பித் தரும். மின்சாரச் செலவே இல்லாத விளக்கு அதுதான்!

செலவுக் கணக்கைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இரண்டு பட்டை விளக்குகளும் தினம் மூன்று மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு நாலு யூனிட்கூட ஆகாது.

டப்பாவில் சி.ஆர்.ஐ. என்றொரு எண்ணும் இருக்கும். நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதன் அளவு அது. எண்பதுக்குக் குறையாமல் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்தின் நிறத்தையும் மினுமினுப்பையும் பார்த்துத் தரம் பிரிக்கப் பகல் வெளிச்சம்தான் வேண்டும் என்பது அந்தத் தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஷெட்டில் நாம் முத்துப் பொறுக்கப் போவதில்லை. ஆனாலும் சிவப்பு ஒயர் எது, பச்சை ஒயர் எது, தரையில் இருப்பது தண்ணீரா எண்ணெயா என்று தெரியவேண்டுமே!

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மேலும் இரண்டு வார்த்தை. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் காற்றே உப்புக் காற்று. இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும்; பித்தளை பச்சை பூக்கும்; இணைப்பு தளர்ந்து சூடேறும். ஆகவே தூசியும் பீச்சியடிக்கும் தண்ணீரும் புகாமல் மூடிய ஐ.பி. 65 ரக விளக்கும், எவர்சில்வர் திருகாணியும் அவசியம்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை அந்த மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடியில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. கார் ஷெட் பெரும்பாலும் வீட்டைவிடத் தாழ்வாக இருக்கும். முதல் தண்ணீர் அங்கேதான் வரும். ஆகவே பிளக் பாயின்டைத் தரையோரம் வைக்காமல் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மின்சாரம் கசிந்தால் கண நேரத்தில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் போடச் சொல்லுங்கள். விளக்கில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். தண்ணீர் புகுந்துவிட்டால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஷெட்டின் சுவிட்சைத் தொடவே கூடாது.

சுவிட்சுக்கு மாடிப்படி முறையே நல்லது: வாசல் பக்கம் ஒன்று, சமையலறைப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் வந்தாலும் இருட்டில் கால் வைக்கவேண்டாம். ஆள் வந்தால் தானே எரியும் விளக்கும் கடையில் கிடைக்கிறது. உடம்புச் சூடு நகர்வதைக் கண்டு எரிவது அது. மே மாதப் புழுக்கத்தில் காற்றும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது சற்றுத் தடுமாறும். அதை மட்டும் நம்பிவிடாமல் கைச் சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஷெட்டில் விளக்கைப் போட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, உங்கள் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் தெரிகின்றனவா? தெரியாவிட்டால், பாட்டியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்!

போன வாரம் மில்லர்புரத்துக்கு டெலிபோன் செய்தேன். ஆச்சி இப்போது ஷெட்டிலேயே முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைக்கிறாராம். புது விளக்குப் போட்ட அன்றே காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டாராம்.

"ஏலே, இந்தக் கதவுல கீறல் எப்ப விழுந்துச்சு?"

இரண்டு மாதமாக மனைவிக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வந்த ரகசியம்! பாவம், மகன் என்ன பதில் சொல்லுவார்?