மண்குதிரையை நம்பலாம்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்கிறது நம் பழமொழி. ஆற்றைக் கடக்க அது உதவாது என்பது உண்மையே. ஆயினும், மண்குதிரை எதற்கும் பயன்படாது என்று முடிவு செய்வது பிழை என்பது என் கருத்து.

மாணவர்களே, கொல்கத்தாவில் வாழும் நீங்கள் பாங்குரா குதிரையைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கழுத்தும் இலைபோல் நிமிர்ந்த காதுகளும் கொண்டு, பல வீடுகளின் வரவேற்பறையில் அது இணையாக நிற்கும். அதன் பிறப்பிடம் பாங்குரா மாவட்டத்திலுள்ள பாஞ்ச்முரா என்னும் சிற்றூர். அவ்வூர்க் குயவர்கள் பானை வனையும் சக்கரத்திலேயே குதிரையின் கால், உடல், கழுத்து ஆகியவற்றைத் தனித்தனியே வனைந்து ஒட்டுகின்றனர். காதுகளையும் வாலையும் பிறகு பொருத்துகின்றனர். உறுப்புகளின் உள்ளே வெற்றிடம் இருக்கும். மண் தடித்திருந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, சூளையில் உருவம் வெடித்துவிடும். ஆகவே, குதிரையும் ஒருவகைப் பானையே எனலாம்.

இக்குதிரை அழகுக்காக மட்டும் தோன்றியதன்று. மக்கள் தர்மதாகூர் முதலிய ஊர்த்தெய்வங்களுக்கு இதனைக் காணிக்கையாக அளித்தனர். தமிழ்நாட்டிலும் அவ்வாறே. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டச் சிற்றூர்களில் வேளார் செய்யும் மண்குதிரைகளை மக்கள் தோளில் சுமந்து சென்று ஐயனார் கோயிலில் நிறுத்துவர். இவ்விழாவுக்குப் புரவியெடுப்பு என்பது பெயர். இரவில் ஐயனார் அக்குதிரைகள்மீது ஏறி ஊரைக் காவல் புரிவார் என்பது நம்பிக்கை. ஆற்றில் இறங்க நம்பாத குதிரையிடம் ஊர்க்காவலையே ஒப்படைத்தவர்கள் நம் முன்னோர்!

பாஞ்ச்முரா கைவினைக்கு 2018ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இனிக் கவலை இல்லை என்று சிலர் கருதுவர். குறியீடு பெயரைக் காக்கும். ஆனால் குயவரின் சக்கரம் சுழல வேண்டுமானால், அவர் செய்யும் பொருள் நம் அன்றாட வாழ்வில் இடம்பெற வேண்டும். இந்நகரின் தேநீர்க் கடைகளில் மண்குவளை இன்றும் வழங்குவதற்குக் காரணம், மக்கள் அதில் நாள்தோறும் தேநீர் அருந்துவதே.

விலங்குருவத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அதன் பெருமை குறையும் என்று சிலர் கூறலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. சிந்துவெளி மக்கள் பறவை வடிவில் மண் ஊதல் செய்தனர். அது பார்க்கவும் அழகு, ஊதவும் பயன். அதுபோல யானை வடிவில் உண்டியலும், ஆமை வடிவில் பூந்தொட்டியும், குதிரை வடிவில் எழுதுகோல் தாங்கியும் நம் வீடுகளில் இருக்கலாமே!

ஆகவே, அடுத்த முறை கைவினைச் சந்தைக்குச் செல்லும்போது, உங்களுக்குப் பயன்படும் மண்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வதற்குமுன், அது எவ்வாறு செய்யப்பட்டது என்று கேளுங்கள். விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றால், அங்குள்ள ஐயனார் கோயில் குதிரையையும் பாருங்கள். இரு குதிரைகளையும் ஒப்பிட்டுப் பேச, இரு மொழிச் சூழலில் வளரும் உங்களைவிடத் தகுதியுடையோர் யார்?