பொறுக்கக் கூடாத வலி

‘பொம்பளைன்னா வலியைப் பொறுத்துக்கத்தான் வேணும்.’ நம் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு இது. ஆனால், பொறுத்தால் உயிரையே பறிக்கும் வலி ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் சகோதரிகளிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

கரு தங்க வேண்டிய இடம் கர்ப்பப்பை. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் அது வழியிலேயே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகிறது. மெல்லிய அந்தக் குழாய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சில வாரங்களில் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். அந்தக் கருவைக் காப்பாற்ற வழியில்லை. தாயைக் காப்பாற்ற வழியுண்டு.

நாள் தள்ளிப்போயிருக்கும். அடிவயிறு, பல சமயம் ஒரு பக்கமாக, வலிக்கும். லேசாக உதிரம் படும். தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி மூட்டை தூக்கும் பெண்ணோ, ‘சுமை தூக்கின வலிதானே’ என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறாள். இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சாச்சே, எனக்கு எப்படி?’ என்று கேட்காதீர்கள். அதன் பிறகு கர்ப்பம் தரிப்பது அபூர்வம். தரித்தால் குழாயில் தங்கும் ஆபத்து அதிகம்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதிப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்த்து, தேவையானால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். குழாய் வெடிக்காமல், கரு சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே குணமாகும். ஆனால் டாக்டர் வரச் சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும். வெடித்துவிட்டால் உடனே ஆபரேஷன்தான். ஒரு குழாயை எடுத்தாலும், மற்றது நன்றாயிருந்தால் பிறகு பிள்ளை பெறலாம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெய்ட் என்ற டாக்டர், இப்படி வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தது 1883-இல். அன்றே முடிந்த காரியத்துக்கு இன்றும் உயிரைக் கொடுப்பதா?

கெடுப்பது தாமதம்தான். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று ஒருத்தி பொறுக்கிறாள். கல்யாணமாகாத பிள்ளையோ, ஊர் என்ன சொல்லுமோ என்று நாள் தள்ளிப்போனதை டாக்டரிடமே மறைக்கிறாள். மாமியார் சுக்குக் கஷாயம் வைக்கிறார். கணவர் ‘காலையில பாத்துக்கலாம்’ என்கிறார்.

காலை வரை காத்திருக்காதீர்கள். மயக்கம் வந்தால் 999-ஐ அழையுங்கள். மண்டோர்களே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை நிரையை முடித்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். தாய்மார்களே, ‘நாள் தள்ளிப்போச்சா?’ என்று மகளைத் திட்டாமல் கேளுங்கள்.

விட்ட சம்பளத்தை நாளை சம்பாதிக்கலாம். போன உயிரை யார் திருப்பித் தருவது?