ஸ்டிக்கரில் வராத மின்கணக்கு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் ‘எனர்ஜி ஸ்டார்’ திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் முத்திரை பெற்றவை கணினிகளும் திரைகளுமே. வேலையின்றிக் கிடக்கும் கணினி, மிகக் குறைந்த மின்சாரத்தில் காத்திருக்கும் உறக்கநிலைக்குத் தானாகச் செல்ல வேண்டும் என்ற அதன் நிபந்தனை, அலுவலகக் கணினிகள் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அக்காலத்துக்குப் பொருத்தமானதே.

ஆனால் அந்த முத்திரை அளப்பது, கணினியை வாங்கிவந்து பிளக்கைச் செருகிய பிறகு ஆகும் செலவை மட்டுமே. மடிக்கணினியின் வாழ்நாள் கரிம உமிழ்வில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே முடிந்துவிடுவதை உற்பத்தியாளர்களின் அறிக்கைகளே காட்டுகின்றன. 2 கிராம் எடையுள்ள 32 மெகாபைட் நினைவகச் சில்லு ஒன்றைத் தயாரிக்கவும் பயன்படுத்தவும் 1.6 கிலோ புதைபடிவ எரிபொருளும், தயாரிப்புக்கு மட்டும் 32 கிலோ நீரும் தேவைப்படுவதாக ஆய்வாளர் எரிக் வில்லியம்ஸ் குழுவினர் 2002-இல் கணக்கிட்டனர். சிலிக்கானை அணுவளவு மாசும் தங்காதவாறு தூய்மைப்படுத்தி, அடுக்கடுக்காகச் செதுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கழுவுவதற்கான விலை இது. பழைய கணினியை உருக்கினால் செம்பும் பொன்னும் மீளுமே தவிர, அந்த உழைப்பும் ஆற்றலும் மீளா. மறுசுழற்சியை மட்டும் பசுமைக் கணினியியலாகக் காட்டுவது இதனால்தான் பாதி உண்மையாகிறது.

ஆகவே கையிலுள்ள கணினியை நீண்டகாலம் பயன்படுத்துவதே மேல் என்ற வாதம், ஓயாமல் இயங்கும் சர்வர்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பயன்பாட்டுச் செலவே மிகுதி என்பதால், சிக்கனமான புதிய இயந்திரம் லாபமாகலாம். நாளில் சில மணிநேரமே இயங்கும் மடிக்கணினியைச் சில வாட் மிச்சத்துக்காக மாற்றுவதில் அந்த நியாயம் இல்லை.

இருந்தும், நல்ல நிலையிலுள்ள கணினிகள் மென்பொருளாலேயே ஓய்வு பெறுகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ, போதிய புதிய செயலியோ இல்லாத கணினிகள் ஒரு பழுதுமின்றிப் பழசாயின. அவற்றில் பலவற்றுக்கு வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் போதும். அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கைவசம் இருக்கிறது. அரசு டெண்டர்கள் நட்சத்திர முத்திரையுடன் நின்றுவிடாமல், ஸ்க்ரூடிரைவரால் கழற்றக்கூடிய பேட்டரியையும் ரேமையும், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்ற எழுத்துபூர்வமான உறுதியையும் நிபந்தனையாக்க வேண்டும்.